அம்மா தொடாத கேக்

மார்கழி பிறக்குமுன்பே கண்டி மாநகருக்குள் குளிர் வந்து குடியேறிவிடும். விடியற்காலையில் வாவியின் மேல் மூடுபனி படிந்திருக்க, தலதா மாளிகையின் மேளவொலியும், அதனருகே செங்கல்லால் எழுந்து நிற்கும் புனித பவுல் தேவாலயத்தின் மணியோசையும், மீரா மக்காம் பள்ளிவாசலின் பாங்கொலியும், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலின் திருவெம்பாவைச் சங்கொலியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும். மூக்குக்கோ இம்மாதம் வேறொரு செய்தி கொண்டுவரும். ஏதோ ஒரு வீட்டுக் குசினியிலிருந்து கறுவா, கராம்பு, சாதிக்காய், வறுத்த ரவை ஆகியவற்றின் கலவை மணம் தெருவரை வந்து நிற்கும். நத்தார் நெருங்கிவிட்டது என்பதை நாட்காட்டியைப் பாராமலே அறிந்துகொள்ளலாம்.

நாங்கள் சைவர்கள். ஆயினும் நத்தார்க் கேக்கின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் சிறு வயதிலேயே நான் அறிந்திருந்தேன். எங்கள் அடுத்த வீட்டில் பறங்கி இனத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி வாழ்ந்தார். பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்து ஓய்ந்தவர். நாங்கள் அவரை 'ஆன்டி' என்போம். அம்மா 'நோனா' என்பார். நவம்பர் பிறந்ததும் அவர் வீட்டு மேசை ஒரு சிறிய கடைத்தெருவாக மாறிவிடும். முந்திரிகை வற்றல், செரி, பூசணித் தோசி, இஞ்சிப் பாகு, சௌசௌப் பாகு, தோடம்பழத் தோலின் பாகு, மரமுந்திரிகைப் பருப்பு என்று எல்லாம் வந்து குவியும். அவற்றைப் பொடியாக நறுக்கித் தேனும் பன்னீரும் பிராந்தியும் விட்டு, பெரிய சாடியில் அடைத்து வாரக்கணக்கில் ஊறவைப்பார்.

இலங்கையின் நத்தார்க் கேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மேல்நாட்டார் கோதுமை மாவால் செய்வதை நம் நாட்டார் வறுத்த ரவையால் செய்வர். இருபது, இருபத்தைந்து முட்டைகளின் மஞ்சட் கருவை அடித்துச் சேர்ப்பர். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைத்து, ஆறிய பின்னர் தீப்பெட்டியளவு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளிலும் வண்ணத் தாளிலும் சுற்றிவைப்பர். ஆங்கிலேயரின் பழக்கேக் இந்நாட்டுக்கு வந்து, நம் கறுவாவையும் பூசணியையும் மரமுந்திரிகையையும் உண்டு கொழுத்துத் தன் நிறத்தையே மாற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஆன்டியின் வீட்டில் கேக் வேகவைக்கும் வசதி இருக்கவில்லை. ஆகவே கலவை நிரப்பிய தகரத் தட்டுகளைத் தெருமுனைப் பேக்கரிக்குச் சுமந்து செல்லும் பணி எனக்கு வாய்த்தது. மாலைப் பாண் சுட்டு முடிந்த பின்னர் போறணையில் எஞ்சியிருக்கும் சூடே கேக்குக்குப் பதமானது. தட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, மா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நான் காத்திருப்பேன். திரும்பி வரும்போது தெருவிலுள்ள நாய்களெல்லாம் என்னுடன் வரும்.

இருபத்தைந்தாம் திகதி காலையில், பின்னல் வேலைத் துணியால் மூடிய ஒரு தட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அம்மா அதனை இரு கைகளாலும் வாங்குவார். நோனாவிடம் நலம் விசாரிப்பார். எங்கள் எல்லோருக்கும் பங்கிடுவார். ஆனால் தாம் மட்டும் ஒரு துணுக்கையேனும் வாயில் வைக்கமாட்டார். முட்டையும் பிராந்தியும் சேர்ந்த பண்டத்தை அவர் தொடாதது இயல்பே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். தீபாவளிக்கு அதே தட்டில் முறுக்கும் அதிரசமும் திரும்பிச் செல்லும்.

"அம்மா சாப்பிட்டாங்களா?" என்று ஆன்டி ஆண்டுதோறும் என்னிடம் கேட்பார். "சாப்பிட்டாங்க, ஆன்டி. மிகவும் நல்லாயிருந்ததாம்" என்று நானும் ஆண்டுதோறும் கூசாமற் பொய் சொல்வேன். 2004ஆம் ஆண்டில் அவர் மெல்பேர்ன் நகரிலுள்ள தம் மகனிடம் போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கேயே காலமானார். என் பொய்களையும் அவர் உண்மையென்றே நம்பிக் கொண்டுசென்றிருப்பார்.

வாசக நேயர்களே, இனி நான் சற்றுத் தொலைவு சுற்றிவர வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை நுவரெலியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். கிரகரி வாவிக் கரையில் நிற்கையில் ஒரு மாணவி, "சேர், இந்தக் கிரகரி யார்?" என்று கேட்டாள். "முன்னொரு காலத்தில் தேசாதிபதியாக இருந்தவர்" என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குமேல் ஒன்றும் அறியாத வெட்கம் வீடு திரும்பிய பின்னரும் என்னை விடவில்லை. நூல்களைத் தேடிப் படித்தேன்.

சேர் வில்லியம் கிரகரி ஓர் அயர்லாந்துக்காரர். கோல்வே என்னும் பகுதியின் நிலக்கிழார். 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கினார். கொழும்பு நூதனசாலையை நிறுவியவர் அவரே. வட மத்திய மாகாணம் அமைந்ததும் அவர் காலத்திலேதான். இவை பாராட்டுக்குரியனவே. ஆனால் அவருடைய பெயர் அவருடைய தாய்நாட்டில் வேறொரு காரணத்தால் நிலைத்திருக்கிறது. 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைப் பலிகொண்ட பெரும் பஞ்சம் நிலவியபோது, அவர் இலண்டன் பாராளுமன்றத்தில் உறுப்பினராயிருந்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்பவனுக்கு அரசாங்க நிவாரணம் இல்லை என்னும் விதி, அவர் கொண்டுவந்த பிரேரணையால் 1847இல் சட்டமாயிற்று. பசித்தவன் கஞ்சி பெறவேண்டுமானால் கைநிலத்தை இழக்கவேண்டும். நிலத்தைக் காக்கவேண்டுமானால் பட்டினி கிடக்கவேண்டும். 'கிரகரி விதி' என்ற பெயரை அந்நாட்டார் இன்றும் மறக்கவில்லை.

அவர் இலங்கையை விட்டுச் சென்ற பின்னர், 1880இல், அகஸ்டா என்னும் மாதரசியை மணந்தார். கணவர் 1892இல் மறைந்த பின்னர் இவ்வம்மையார் அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சிக்குத் தூணாக நின்றார். கவிஞர் யேட்சு முதலியோருடன் சேர்ந்து 1904இல் டப்ளின் நகரில் ஆபி நாடக மன்றத்தை நிறுவிய கிரகரி சீமாட்டி இவரே. அவருடைய ஊருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் கோர்ட் என்பது. அவ்வூரின் பெயரால் வழங்கிய மிகப் பெரிய பழக்கேக்கை அவர் டப்ளினுக்கு எடுத்துச் செல்வாராம். மேடைக்குப் பின்னால், நடிகர்கள் இளைப்பாறும் அறையில் அதனை வெட்டி எல்லோருக்கும் வழங்குவாராம். கணவரின் பெயர் ஒரு பட்டினிச் சட்டத்தோடும், மனைவியின் பெயர் ஒரு கேக்கோடும் சேர்ந்து நிற்பது விந்தைதானே!

அந்தக் கேக்கின் இனத்துக்கு 'பார்ம்பிராக்' என்று பெயர். அயர்லாந்து மொழியில் 'புள்ளியிட்ட ரொட்டி' என்பது அதன் பொருள். பழங்கள் ஆங்காங்கே புள்ளிகளாகத் தெரிவதால் அப்பெயர். அக்டோபர் 31ஆம் நாளிரவு அந்நாட்டார் இதனுள் ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பர். மோதிரம் யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு விரைவில் திருமணம் என்பது நம்பிக்கை. பழங்காலத்தில் நொதிமம் இட்டுப் புளிக்கவைத்தார்கள். வீடுகளில் எளிதாகச் செய்யும் வகையோ வேறு. அதற்கு நொதிமமும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். நத்தாருக்கென அவர்கள் செய்யும் செழித்த கேக்கில் பழங்கள் விஸ்கியில் ஊறும். இதில் ஊறுவதோ கடுந்தேநீரில்! உலகில் தலைக்கு மிகுதியாகத் தேநீர் அருந்தும் நாடுகளில் அயர்லாந்தும் ஒன்றல்லவா?

தேநீர் என்ற சொல்லைக் கண்டதும் என் மனம் கோல்வேயிலிருந்து கண்டிக்குத் திரும்பிவிட்டது. இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தவரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கிரகரி தேசாதிபதியாயிருந்த 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. அப்போது இம்மலைகளில் ஆட்சி புரிந்தது கோப்பியே. கோப்பிச் செடியை நோய் தின்று தீர்க்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பெருந்தொகையான மக்கள் இத்தோட்டங்களை நாடி வந்தனர். என் தாயாரின் முன்னோர்களும் அவ்வாறு பசிக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்களே. அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான்.

முட்டைக்குப் பதில் தயிரை இட்டால் இந்தக் கேக்கை அம்மாவும் உண்ணலாமே என்ற எண்ணம் அன்றே எனக்குத் தோன்றியது. ஆயினும் சோம்பலால் தள்ளிப்போட்டேன். இறுதியில் என்னைச் செயலில் இறக்கியது நாட்டின் பொருளாதார நெருக்கடி! 2022ஆம் ஆண்டை யார் மறப்பார்? எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. அவ்வாண்டு மார்கழியில் மின்சாரம் ஓரளவு சீரடைந்திருந்தாலும், முட்டையும் பட்டரும் எங்களைப் போன்ற ஆசிரியர் குடும்பங்களுக்கு எட்டாப் பொருள்களாகிவிட்டன. "முட்டையும் பட்டரும் இல்லாமல் நான் ஒரு கேக் செய்கிறேன், பாருங்கள்" என்று வீட்டில் வீரம் பேசினேன். என் மனைவி, "பாத்திரங்களையும் நீங்களே கழுவுவதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றாள்.

பழங்களை முந்தின நாளே ஊறவைக்க வேண்டும். அன்று மாலை மேசையைச் சுற்றி நாங்கள் அனைவரும் அமர்ந்து, முந்திரிகை வற்றலின் காம்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அப்போது எழுபத்திரண்டு வயது நிரம்பியவர்; விரல்களின் வேகமோ கொழுந்து கிள்ளிய காலத்து வேகம். எட்டு வயது நிரம்பிய என் மகள் ஒன்றைக் கிள்ளுவாள். இரண்டை வாயில் போடுவாள். விலை கொடுத்து வாங்கியவன் நானல்லவா? "ஏய், தின்னாதே! நிறுத்து வைத்திருக்கிறேன். குறைந்தால் கேக் கெட்டுப்போகும். வாயைத் திற, பார்க்கலாம்!" என்று அதட்டினேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"தம்பி, அந்த வார்த்தையைச் சொல்லாதே" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சிறிது நேரம் கழித்து அவராகவே சொல்லத் தொடங்கினார்.

அம்மாவின் தந்தை தோட்டத்துத் துரையின் பங்களாவில் அடுப்படி வேலை செய்தவர். நத்தாருக்கு ஒரு மாதம் முன்பே அங்கே கேக்குக்கான வேலைகள் தொடங்கிவிடுமாம். அக்காலத்து முந்திரிகை வற்றலில் விதை இருக்கும். விதையை நீக்கச் சிறு விரல்களே ஏற்றவை என்று லயத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் குசினியின் பின்வாசலில் உட்காரவைப்பார்களாம். அம்மாவுக்கு அப்போது வயது பத்து. அவருடைய தம்பிக்கு நான்கு. வேலை முடிந்து எழும்போது, ஒவ்வொரு பிள்ளையும் பங்களாச் சமையற்காரர் முன்னிலையில் வாயைத் திறந்து காட்டவேண்டும். அதன் பின்னரே வீட்டுக்குப் போகலாம்.

"உன் மாமன் நாலு வயசுப் புள்ள, தம்பி. அவனுக்கு என்ன தெரியும்? நாக்குல ஒரு தோல் ஒட்டியிருந்துச்சு. ஒரேயொரு தோல். கன்னத்தில ஓங்கி ஓர் அறை. எங்கப்பா அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு விறகை அடுப்புக்குள்ள தள்ளுனாங்க. அடி வாங்குனது தம்பி. ஆனா நான் பார்த்துக்கிட்டிருந்தது எங்கப்பா முகத்தை. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பண்டம் எனக்கு வேண்டாம்னு."

அறையில் ஒருவரும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அம்மாவின் விரதம் என்று எண்ணிவந்தது விரதமன்று. முட்டையும் பிராந்தியும் ஏற்கத்தக்க சாக்குகளாக இருந்தன, அவ்வளவுதான்.

"அப்படியானால் ஆன்டி கொடுத்ததை ஏன் எங்களுக்குத் தந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்த நோனா நல்ல மனுசி. வாசல் தேடி வந்து, கையில குடுத்துச்சு. நீங்க சாப்பிடுறதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. என் தொண்டையிலதான் இறங்காது."

பின்னர் அவர் ஒரு கை நிறைய முந்திரிகை வற்றலை அள்ளி, என் மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "தின்னு. குறைஞ்சா குறையட்டும்" என்றார்.

ஒரு வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நின்று பேசிவருபவன் நான். அன்றிரவு என் மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்கள் எளிதில் வரவில்லை. விளையாட்டாகத்தானே சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. பண்டத்துக்கு உரியவன் கையில் தராசு இருக்கும்போது, விளையாட்டுக்கும் அதட்டலுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு குறைவானது!

மறுநாள் கேக் செய்தேன். 350 கிராம் உலர்ந்த பழங்களை, 300 மில்லிலீற்றர் கடுந்தேநீரிலும் 150 கிராம் பொடித்த கித்துள் கருப்பட்டியிலும் இரவு முழுவதும் ஊறவைத்திருந்தேன். பழங்கள் தேநீரைக் குடித்துப் பருத்திருந்தன. 250 கிராம் கோதுமை மாவுடன் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, சிறிதளவு உப்பு, கறுவாத்தூள், சாதிக்காய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து, ஊறிய பழங்களைச் சாற்றோடு அதில் கொட்டினேன். முட்டையின் இடத்தில் நான்கு மேசைக்கரண்டி தயிர். அதிகம் கிளறலாகாது, கிளறினால் கேக் இறுகிவிடும். எண்ணெய்த் தாள் விரித்த பாண் அச்சில் இட்டு, மின்சாரப் போறணையில் 160 பாகை சதம அளவுச் சூட்டில் ஒன்றேகால் மணிநேரம் வைத்தேன். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும், அதுவே பதம். சுட்ட அன்றே வெட்டாமல், தாளில் சுற்றி ஒரு நாள் வைத்திருந்தால் ஈரம் சமமாகப் பரவி மென்மை கூடும்.

நத்தாரன்று காலை அதனை வெட்டினோம். ஆன்டியின் வீட்டில் இப்போது குடியிருக்கும் சிங்களக் குடும்பத்துக்கு ஒரு தட்டில் வைத்து அனுப்பினோம். அம்மாவிடம் நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவர் அருகில் வைத்துவிட்டு, பத்திரிகை படிப்பவன்போல் உட்கார்ந்துகொண்டேன். நெடுநேரம் அது அப்படியே இருந்தது. பின்னர் என் மகள் தன் துண்டுடன் வந்து பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தாள். பத்திரிகையின் மேல்விளிம்பு வழியாகப் பார்த்தேன். அம்மா ஓர் ஓரத்தைப் பிட்டு வாயில் இட்டார். மென்றார். இன்னொரு முறை பிட்டார். அவருடைய கண்களை நான் பார்க்கவில்லை. பார்ப்பது முறையாகத் தோன்றவில்லை.

"இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் இறுதியில். "சாயமும் பத்தாது. எந்தக் கடைத் தூள் போட்டே? அடுத்த வருசம் சாயத்தை நான் ஊத்தித் தாறேன்." சற்றுப் பொறுத்து, "நோனா இருந்திருந்தா ஒரு துண்டு குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்றும் சொன்னார்.

அவ்வாறே அடுத்த ஆண்டு முதல் எங்கள் வீட்டு நத்தார்க் கேக்குக்குத் தேயிலைச் சாயம் இறக்குவது அம்மாவின் பொறுப்பாயிற்று. அதில் வேறொருவரும் கைவைக்க முடியாது. கருப்பட்டியின் அளவும் 150 கிராமிலிருந்து 120ஆகக் குறைந்துவிட்டது. இக்கேக்கைச் செய்துபார்க்க விரும்பும் சகோதரிகளும், பாத்திரம் கழுவ அஞ்சாத சகோதரர்களும் மேலே சொன்ன அளவுகளைப் பின்பற்றலாம்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்க. பழம் வாங்கும்போது 350 கிராம் வாங்காதீர்கள். 400 கிராம் வாங்குங்கள். முந்நூற்றைம்பது கிராம் பாத்திரத்துக்கு. மீதி ஐம்பது, காம்பு கிள்ள உட்காரும் பிள்ளைகளுக்கு.